பூசாத சுவர்

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு ஒரு வீட்டைக் கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். பெண் பிள்ளை பிறந்த நாளிலிருந்தே கல்முனையில் தாய் தகப்பனுக்கு வீட்டு யோசனைதான். என் மகளுக்கு நான் கட்டிய வீட்டைப் பற்றி ஊரே கதைத்தது. எனக்கு அதில் பெருமை.

வீட்டு வளவின் மேற்கில் நின்ற வேப்பமரத்தை நான் வெட்டவில்லை. வீட்டைத்தான் வளைத்துக் கட்டினேன். கச்சான் காற்று அனலாய் அடிக்கும் மாதங்களில் அந்த நிழல் வேண்டும். கடற்காற்று வரக் கிழக்கே பெரிய ஜன்னல்கள். சுவருக்குச் செம்மண்ணில் கொஞ்சம் சீமெந்து சேர்த்து அழுத்திய கல். அதற்கு மேற்பூச்சே தேவையில்லை. இடித்த பழைய வீட்டின் ஓடுகளைக் கழுவித் திரும்பப் போட்டேன். எதையும் வீணாக்காத வீடு என்று, வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி உயிரை வாங்கினேன்.

மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வந்தார். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஊட்டு வேல எப்ப மச்சி முடியும்?" என்று கேட்டார்.

"முடிஞ்சிட்டே மச்சி, இதுதான் முடிஞ்ச ஊடு" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த கிழமை கதவுக்குப் பூட்டு வாங்க அக்கரைப்பற்றுக்குப் போய், பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்குத் திரும்பி வந்தேன். தெருமுனையிலேயே கால் நின்றுவிட்டது. மரம் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் அடிக்கட்டை ஈரமாக இருந்தது. முன்சுவர் பாதிக்கு மேல் சீமெந்து பூசியாகிவிட்டது.

"ஆரு சொன்ன வெட்டச் சொல்லி?" என்று பூசிக்கொண்டிருந்த மேசனைப் பிடித்துக் கத்தினேன். அவர் சொல்லி முடிக்க நான் விடவில்லை. மாப்பிள்ளை வீட்டார்தான், வேறு யார்? கல்யாணத்துக்கு முன்னரே இப்படி என்றால் நாளைக்கு என் பிள்ளையை என்ன பாடு படுத்துவார்கள்? சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லிவிட போனைக் கையில் எடுத்தேன்.

மகள் உள்ளேயிருந்து வந்தாள். "நான்தான் உம்மா சொன்னன்."

அங்கே கிடந்த சீமெந்துப் பையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"வேப்பஞ்சருகு கூட்டப் போறது நீங்களா, நானா? மண் சுவரப் பாத்து என்ட கூட்டாளிமார் சிரிச்சது உங்களுக்குத் தெரியுமா? ஊடு பாக்க வந்த அண்டு, எப்பிடி ஊடு வேணும் மகள் எண்டு மாமி கேட்டா. நீங்க ஒரு நாளும் கேக்கல்ல."

"கச்சான் அடிக்கக்குள்ள உள்ளுக்குக் கிடந்து வேகப்போறாய் புள்ள!" என்று கத்தினேன். நான் சொன்னது உண்மை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அவளிடம் நான் ஒரு நாளும் கேட்காததும் உண்மை.

மேசன் கரண்டியை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "ராத்தா, மத்தச் சுவரையும் பூசவா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "ஓம், பூசுங்க" என்றாள் மகள். அவர் என் பதிலுக்குக் காத்திராமல் பூசத் தொடங்கினார்.