மருந்து எந்தக் கூண்டில்?

நான் வேலை பார்க்கும் அறையில் எலிகளுக்கு ரேடியோ வைக்கிறார்கள். காலையில் விளக்கு எரிந்ததும் அதுவும் தன்னால் பாட ஆரம்பித்துவிடும், பக்கத்து வீட்டில் யாரோ கேட்கிற மாதிரி மெல்லிசாக. ஜெர்மன் பாட்டு, செய்தி, எந்த ரோட்டில் வண்டிகள் தேங்கி நிற்கின்றன என்ற அறிவிப்பு, எல்லாவற்றையும் வெள்ளை எலிகள் கேட்டுக்கொண்டிருக்கும். சேர்ந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ஆளில்லாத அறையில் கரண்டு வீணாகிறதே என்று அணைத்துவிட்டேன். ஆராய்ச்சி செய்யும் சபீனா அம்மா வேகமாக வந்தார். "அது எலிகளுக்காக. எப்போதும் ஒரு சத்தம் காதில் இருந்தால், கதவு படாரென்று சாத்தினாலும் பயப்படாது. பயந்தால் நோயின் போக்கே மாறிவிடும்" என்றார். பயத்தால் நோயின் போக்கு மாறுமா? அப்படியானால் விடிந்ததும் எதையாவது நினைத்துப் பயப்படுகிற என் உடம்புக்குள் என்னவெல்லாம் மாறியிருக்கும் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் திருத்தங்கல். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வெடிக் கம்பெனிக்குப் போனவள். கல்யாணம் முடித்தவர் சிவகாசியில் ஆப்செட் மெஷின் ஓட்டியவர். அவருக்கு இங்கே ஜெர்மனியில் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்து, நானும் பின்னாலேயே வந்தேன். முதலில் எலிக் கூண்டுகளைக் கழுவும் இடத்தில் போட்டார்கள். கை சுத்தம், சத்தமில்லாமல் வைத்து எடுக்கிறாள் என்று எலிகள் இருக்கும் அறைக்கே மாற்றினார்கள். அந்தப் பழக்கம் வெடிக் கம்பெனியில் வந்தது. அங்கே எதையும் தரையில் இழுக்கக்கூடாது, உரசக்கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். இங்கே அதை நல்ல குணம் என்கிறார்கள். எனக்கு அது வெறும் பயம்தான்.

இந்த அறையில் நடப்பது மூட்டுவீக்க நோய்க்கு மருந்து தேடும் வேலை. உடம்பைக் காவல் காக்க வேண்டியதே உடம்பை அடிக்கிற நோய் அது. எலிகளுக்கு ஓர் ஊசி போட்டு அதை வரவழைக்கிறார்கள். கொஞ்ச நாளில் பாதம் சிவந்து வீங்கும், சில எலிகள் நொண்டும். பிறகு சில கூண்டுகளுக்குப் புது மருந்து, மற்றவற்றுக்கு மருந்தில்லாத வெறும் திரவம். சபீனா ஒவ்வொரு எலியையும் கையில் எடுத்து, பாதத்தை விளக்கடியில் பார்த்து, சின்ன இடுக்கி மாதிரி ஒரு கருவியால் வீக்கத்தை அளப்பார். என் வேலை தண்ணீர், தீனி, கூண்டு மாற்றுவது. அளக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் நிற்பேன்.

ஏனென்றால் என் அக்கா முத்துமாரிக்கும் அதே நோய். காலையில் எழுந்தால் சீப்பைப் பிடிக்க முடியாது அவளால்.

ஒரு நாள் சபீனாவிடம் கேட்டேன், "இதில் மருந்து எந்தக் கூண்டில்?" அவர் அளந்துகொண்டே, "எனக்குத் தெரியாது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கம்பெனியில் போர்மேனுக்குத் தெரியாதது என்று ஒன்றும் கிடையாது. தெரியாது என்று ஒருத்தர் சொன்னால், உனக்குச் சொல்ல மாட்டேன் போ என்றுதான் அர்த்தம். கூண்டு கழுவ வந்தவளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறார்போல என்று ராத்திரிச் சாப்பாட்டில் புலம்பினேன். "ஒனக்கு எதுக்கு அந்த ஆராய்ச்சி?" என்றார் வீட்டுக்காரர். ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும்போல இருந்தது. கூண்டுகளை நானே கவனிக்க ஆரம்பித்தேன். ஜன்னல் பக்கத்து வரிசையில் இருப்பவை துள்ளுகின்றன. கதவுப் பக்கம் இருப்பவை மூலையில் சுருண்டு, மேலே கம்பியில் இருக்கும் தீனிக்கு எட்ட முடியாமல் கிடக்கின்றன.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. நாலு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து வெடிக்குத் திரி வைப்போம். யார் எவ்வளவு முடித்தார்களோ அதற்குத்தான் கூலி. ஆனாலும் எண்ண ஆள் வரும் முன்னால், கை வேகமாக ஓடுகிறவள், பிந்திக் கிடக்கிறவளின் தட்டில் தன்னுடையதிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டுவிடுவாள். கொடுத்தவள் சொல்லிக் காட்ட மாட்டாள், வாங்கியவள் நன்றி சொல்ல மாட்டாள். எங்கள் அறையில் வேகமான கை அக்காவுடையது. புதிதாகச் சேர்ந்த நாளெல்லாம் என் தட்டு அவள் கையால்தான் நிறைந்தது. இப்போது அவள் விரல்கள் வளையாமல், மற்றவர்கள் அவள் தட்டில் போடுகிறார்கள். "வலியக் கூடத் தாங்கிரலாம்டி, அதைத் தாங்க முடியல" என்று போனில் சொல்லியிருக்கிறாள்.

கதவுப் பக்கத்து எலிகளைப் பார்த்தபோது என் கை சும்மா இருக்கவில்லை. தீனியைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தக் கூண்டுகளுக்குள் மட்டும் தரையிலேயே வைத்தேன். படுக்கைக் காகிதமும் கூடக் கொஞ்சம் வைத்தேன். ஒரு வாரம் போல நடந்தது. சபீனா கண்டுபிடித்துவிட்டார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் திட்டவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, "இப்போது இந்த எலி தேறினால், அது மருந்தாலா, உன் தீனியாலா? நான் யாரிடம் கேட்பேன்?" என்றார். எந்தக் கூண்டுக்கு மருந்து என்ற பட்டியல் வேறோர் ஆளிடம் பூட்டிக் கிடக்கிறதாம். "எனக்குத் தெரிந்தால் என் கண் பொய் சொல்லும். மருந்து வாங்கிய எலியின் வீக்கம் கொஞ்சம் குறைவாகவே தெரியும்" என்றார். அப்போதுதான் புரிந்தது, தெரியாது என்று அன்றைக்கு அவர் சொன்னது நிஜமாகவே தெரியாததால். தனக்குத் தெரியக்கூடாது என்று தானே ஏற்பாடு செய்துகொள்கிற மனுஷியை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தச் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. ஆனால் புதுச் சுற்றில் நொண்டுவது, நொண்டாதது என்று பார்க்காமல் எல்லாக் கூண்டுக்கும் ஊறவைத்த தீனி தரையில் வைக்கச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா கூப்பிட்டாள். இங்கே எனக்குத் தேநீர் இடைவேளை, அங்கே அவள் கம்பெனி விட்டு பஸ்ஸுக்கு நிற்கிற நேரம்.

"ஏடி, மதுரையில டாக்டரம்மா ஒண்ணு கேக்காக. புது ஊசி ஒண்ணு வந்திருக்காம். இப்பத் திங்கிற மாத்திரையோட அதையும் போட்டுப் பாப்பாகளாம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குச் சும்மா தண்ணி மாதிரி. யாருக்கு எதுன்னு அவுகளுக்கே தெரியாதாம்ல!"

"தெரியாதுதான்க்கா. நெசமாவே தெரியாது."

"நீதான அங்கன எலிக்கெல்லாம் போடுறத பாக்குறவ. சேரவா, வேண்டாமா? நீ சொல்றதுதான்."

கதவுப் பக்கத்து வரிசை கண்ணுக்குள் வந்தது.

"ஆமா, மருந்து பாத்து முடிச்சதும் எலிய என்ன செய்வாக?" என்றாள்.

மறைக்க முடியவில்லை. "வலிக்காமக் கொன்னு, உள்ள மூட்டு எப்படி இருக்குன்னு பாப்பாகக்கா."

"என்னைய அப்படிப் பாக்க மாட்டாகள்ல?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். பக்கத்தில் நின்ற யாரிடமோ, "எந் தங்கச்சி ஜெர்மன்ல எலிக்கு ஆயா வேல பாக்கா" என்று சொன்னதும் கேட்டது.

மறுநாள் சபீனாவிடம் சொன்னேன். எலிக்குக் கேட்ட மருந்து மனுஷருக்கும் கேட்குமா என்று கேட்டேன். "பல தடவை கேட்பதில்லை. அதனால்தான் மனிதர்களிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது" என்றார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, "உன் அக்காவிடம் ஒருவர் கேட்டிருக்கிறார். உன் அக்கா முடியாது என்று சொல்லலாம், பாதியில் போதும் என்றும் சொல்லலாம். இவற்றிடம் நான் கேட்கவே இல்லை" என்று கூண்டுகளைப் பார்த்தார். அந்தக் குரலில் இருந்தது வருத்தமா, கணக்கா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். சேர் என்றும் சொல்லவில்லை, சேராதே என்றும் சொல்லவில்லை. சேராதே என்று சொல்லத்தான் வாய் துடித்தது. "உனக்கு வெறும் தண்ணி விழுந்திருச்சுன்னா என்னக்கா செய்வ?" என்று மட்டும் கேட்டேன்.

"விழுந்தா விழட்டும். நெசமான மருந்து எவளுக்கோ கெடைச்சு, அது நல்லதா கெட்டதான்னு தெரியும்ல. என் ஊசி இல்லாட்டி அவ ஊசியை எதோட வச்சுப் பாப்பாக? எம்புட்டு நாளா எல்லாரும் என் தட்டுலயே போடுறாக. இப்ப நான் அடுத்தவ தட்டுல ஒரு கை போடுறேன்" என்றாள்.

சேர்ந்துவிட்டாள். மதுரைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு திரும்புகிறாள். அவளுடையது எது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

போன வாரம் என் தேநீர் இடைவேளையில், நான் வேலைத் தொப்பியைக் கழற்றும் முன்னாலேயே வீடியோவில் வந்தாள். வலது கையை நீட்டி, "பாரு" என்றாள். விரல்கள் மெல்ல மெல்ல மடங்கின, கட்டைவிரல் மட்டும் வெளியே நின்றது. நான் போனைக் கிட்டே இழுத்து மணிக்கட்டைப் பார்த்தேன், ஒவ்வொரு முட்டியையும் பார்த்தேன். இடது கையையும் காட்டச் சொல்லி இரண்டையும் ஒப்பிட்டேன். வீக்கம் குறைந்த மாதிரித்தான் இருக்கிறது. இருக்கிறதா, நான் அப்படிப் பார்க்கிறேனா?

"என்னடி, மொகத்தப் பாத்து ரெண்டு வார்த்த பேசாம கையவே பாக்குற? எலியப் பாக்குற மாதிரி!"

போன் திரை முழுக்க அக்காவின் கை. மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில், நீலக் காகிதத் தொப்பி போட்ட ஒரு முகம், சபீனா குனிவது போலவே தலையைச் சாய்த்து, எதற்கும் ஆசைப்படாத கண்ணோடு அந்தக் கையை அளந்துகொண்டிருந்தது. அது நான்தான் என்று தெரிய ஒரு நொடி பிடித்தது.

"சாப்பிட்டியாக்கா?" என்றேன் அவசரமாக.

"அதெல்லாம் ஆச்சு" என்றவள், கேட்காமலே இன்னொரு தடவை விரல்களை மடக்கிக் காட்டினாள்.