பாவா எழுதிய ஜெர்மன் கார்டு

அந்தத் தபால் கார்டின் நான்கு மூலையும் மடிந்து நைந்திருந்தது. பன்னிரண்டு நாள் என் சட்டைப் பையில் கிடந்தால் வேறு என்ன ஆகும்?

யுத்தம் முடிந்து இரண்டு வருடம் இருக்கும். என் மனைவிக்கு வலது கண்ணில் பூ விழுந்திருந்தது. அரக்கோணம் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு ஜெர்மன் டாக்டரம்மா ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார். சொன்ன தேதிக்குப் போகாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். தேதிச் சீட்டு வந்தபோது இவள் ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுக்கக் காப்புக் கட்டிவிட்டிருந்தாள். வேண்டுதலே அந்தக் கண்ணுக்காகத்தான். காப்புக் கட்டியவள் ஊர் எல்லை தாண்டக் கூடாது. தேதியோ கிருத்திகைக்கு முதல் நாள்.

"பாவா எழுதட்டும்ங்க. அவருக்கு அவங்க பாஷை தெரியும்" என்றாள். தானே போய் அவரைக் கூட்டிவந்தாள்.

பாவா அவளுடைய அத்தை மகன். இவள் அவருக்கென்றே வளர்ந்தவள். பட்டாளத்துக்குப் போனவர் ஜெர்மன்காரனிடம் கைதியாகிவிட, மூன்று வருடம் கடுதாசி இல்லை. செத்துவிட்டார் என்று நினைத்துத்தான் இவளை எனக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவரோ கைதியாகப் பண்ணை வேலை செய்த இடத்தில் அந்தப் பாஷையை எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு முழு ஆளாகத் திரும்பி வந்தார். தாலுகா கச்சேரியில் இங்கிலீஷ் எழுதும் எனக்கு அவரைக் கண்டாலே வயிறு எரியும்.

"எடுத்ததும் தேதிய மாத்துன்னு கேக்கக்கூடாதுங்க" என்று பாவா கார்டை எழுதிக்கொண்டே சொன்னார். "மொதல்ல நன்றி சொல்லணும். அப்பால மன்னிப்பு. உங்களுக்குத் தோதான வேற நாள் இருந்தா தயவு பண்ணுங்கன்னு கேக்கணும். அப்பதான் அவங்க மனசு எறங்கும்."

மன்னிப்புக் கேட்கும் ஜெர்மன் வார்த்தையை இவள் திருப்பிச் சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். என்னிடம் அப்படிச் சிரித்ததில்லை. கார்டை வாங்கி, பார்க்காமலே பையில் திணித்தேன்.

நானே இங்கிலீஷில் எழுதிவிடலாம் என்று மூன்று தடவை உட்கார்ந்தேன். கச்சேரி நோட்டீஸ் மாதிரிதான் வந்தது. கிழித்துப் போட்டேன். "போட்டாச்சாங்க?" என்று இவள் கேட்டபோது "ஆங்" என்றேன்.

காவடி செலுத்திக் காப்பு அவிழ்த்த பிறகும் பதில் வராததால் ஆஸ்பத்திரிக்கே போனோம். பெயரை அடித்திருந்தார்கள். "கார்டு வந்துதான்னு கேளுங்க" என்றாள். வேறு வழியில்லாமல் அவள் எதிரிலேயே பையிலிருந்து எடுத்து நீட்டினேன். டாக்டரம்மா படித்தார். முகம் மலர்ந்தது. கடைசி வரியைத் தொட்டு, தட்டுத்தடுமாறிய தமிழில், "இது உங்கள் பெயர்தானே? நீங்களா எழுதினீர்கள்?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். வியாழக்கிழமை வரச் சொன்னார்.

கண் பிழைத்தது. இன்று எழுபது வயதிலும் ஊசியில் நூல் கோக்கிறாள். பாவா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பேச்சு வந்தால் எனக்கு இன்னும் சுருக்கென்றுதான் இருக்கிறது. அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் என் முகத்தைப் பார்க்காமலே அவள் சொன்னாள்:

"உங்க பேர்ல எழுதுனாத்தான் நீங்க தபால்ல போடுவீங்கன்னு பாவா சொன்னாரு. எங்க வூட்டுக்காரரு அப்படிப்பட்டவரு இல்லன்னு நான் அவராண்ட சண்ட போட்டுகினு வந்தேன்."