படத்துக்காக அறுத்த சாமை

பிள்ளைகளே, போன வாரம் உங்கள் பள்ளியில் திரை கட்டி ஒரு பழைய படம் போட்டார்கள் அல்லவா? மலைக்காரர்களின் கத்தி, கொடுவாள், களைக்கொட்டு, அரிவாள் எல்லாம் வேலை செய்வதைக் காட்டும் படம். அதில் முகம் இல்லாமல் ஒரு கை மட்டும் சாமைக் கதிர் அறுத்தது. நீங்கள் கைதட்டினீர்கள். அது உங்கள் தாத்தாவின் கை, என் அப்பாவின் கை. அப்போதே சொல்லியிருக்கலாம், சொல்லத் தெம்பில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. புதூர்நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். பட்டணத்திலிருந்து மூன்று பேர் ஜீப்பில் வந்தார்கள். அப்பா கொடுவாளால் விறகு பிளந்ததை, களைக்கொட்டால் கொத்தியதை எல்லாம் படமெடுத்தார்கள். நான் படப்பெட்டியை விட்டு நகரவில்லை. அவர்களில் கண்ணாடி போட்டவர், "அறுப்பு எடுத்து முடிச்சதும் நீயும் இதுல கண்ண வச்சுப் பாக்கலாம்" என்று எனக்கு வாக்குக் கொடுத்தார்.

அறுப்புக்குத்தான் வழியில்லை. எங்கள் சாமை அப்போதுதான் பால் பிடித்திருந்தது.

"இன்னும் இருவது நாளு போவணும் சார். வோணும்னா புல்லு அறுத்துக் காட்றேன்" என்றார் அப்பா.

"புல்லு புல்லாத்தான்யா தெரியும். இது கருப்பு வெள்ளப் படம், கதிர் பச்சைன்னு யாருக்குத் தெரியப் போவுது? நாலு பிடி போதும்."

எங்கள் மலையில் அரிவாள் பட்ட கொல்லையைப் பாதியில் நிற்க விட மாட்டார்கள். விட்டால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். அப்பா அதை அவர்களிடம் சொல்லவில்லை. சிரிப்பார்கள் என்று நினைத்திருப்பார். முடியாது என்று தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். நான்தான் அவர் காலைக் கட்டிக்கொண்டு மண்ணில் புரண்டேன். அதற்கு முந்தின மாதம்தான் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தேன். நான் அழுதால் அவருக்குத் தாங்காது. அரிவாளை எடுத்தார்.

நாலு பிடி நாற்பது பிடியானது. மேகம் மறைத்தது என்று ஒரு தடவை, அப்பா பெட்டியைப் பார்த்துவிட்டார் என்று ஒரு தடவை, "இன்னொரு வாட்டி பெரியவரே, கொஞ்சம் சிரிச்ச முகமா" என்று ஒரு தடவை. கடைசியில் முகமே வேண்டாம், கை போதும் என்றார்கள். தூறல் விழுந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். எனக்குக் கண் வைத்துப் பார்க்கக் கிடைக்கவில்லை.

அம்மா வந்து வரப்பில் நின்றார். "இன்னாங்க இது?"

"இரும்பு பட்டுடுச்சி. நீயும் அரிவா எட்த்துக்கினு வா."

"வருசத்துச் சோறுங்க."

"தெரியாதா எனக்கு? புள்ளைய வச்சிக்கினு மீதிய நிக்க வுடச் சொல்றியா?"

அம்மா அரிவாளோடு கொல்லையில் இறங்கினார். இரண்டு நாள் இருவரும் குனிந்த தலை நிமிராமல் அறுத்தார்கள். மாடு நன்றாகத் தின்றது. நாங்கள் அந்த வருஷம் காட்டுக் கிழங்கு தோண்டித் தின்றோம். அதையும் களைக்கொட்டால்தான் தோண்டினோம்; படமெடுக்க யாரும் வரவில்லை.

முதல் பிடியில் அரிவாளை வைத்தபோதே கொல்லை முழுக்கப் போகும் என்று அப்பாவுக்குத் தெரியும். எனக்கு அது தெரியாது. பெட்டிக்குள் பார்க்க முடியாமல் போனதற்கு அந்த இரண்டு நாளும் அவரிடம் பேசாமல் கோபித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் பொழுது சாய, அவர்கள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு முன்னே போனார்கள். நான் பின்தங்கி, அறுத்த தாளுக்குள் கிடந்த ஒரு கதிரை எடுத்து உள்ளங்கையில் வைத்து நசுக்கினேன். வெள்ளையாகப் பால் வந்தது. நக்கிப் பார்த்தேன். இனித்தது. இன்னொரு கதிர் பொறுக்கினேன்.