அத்தாவின் வேட்டைப் பை

புது நைலானும் காய்ந்த மிளகாயும் சைக்கிள் எண்ணெயும் ஒன்றாகக் கலந்தால் ஒரு வாடை வரும். மூக்கில் ஏறியதும் தும்மல், தும்மல் அடங்கியதும் எரிச்சல். என் சிறுவயதின் மாசி மாத ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த வாடையில்தான் விடிந்தன. அன்றுதான் என் அத்தா வேட்டைக்குப் போவார். சரியாகச் சொன்னால், வேட்டைக்குப் போகிற பையைத் தூக்கிக்கொண்டு போவார்.

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையில் இருக்கும் எங்கள் ஊரில் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பா என்றால் அத்தாதான். அத்தாவுக்குக் கடைவீதியில் மளிகைக் கடை. சம்பா அறுவடை முடிந்து, தாளுக்கு நடுவே உளுந்து தலைகாட்டுகிற நாட்களில், வாய்க்காலோரத்துச் சேற்றில் மடையான் கொக்கும் உள்ளான் குருவியும் வந்து இறங்கும். அவற்றைச் சுடுவதற்கு அத்தாவும் கூட்டாளிகள் மூன்று பேரும் புறப்படுவார்கள். இதற்குப் பெயர் "சிகார்". புலிக்குப் போகிற ராஜாக்கள் சொன்ன வார்த்தையை, உள்ளங்கை அளவு குருவிக்குப் போகிறவர்கள் கூசாமல் சொல்லிக்கொண்டார்கள். துப்பாக்கி என்று இருந்ததோ ஒரே ஒரு "ஏர்கன்", அதுவும் சைக்கிள் கடை காதர் மாமாவுடையது. சைக்கிளுக்குப் போடுகிற எண்ணெயைத்தான் அவர் அதற்கும் போடுவார். அத்தா வாழ்நாளில் ஒரு பறவையையும் சுட்டதில்லை. அந்தக் கூட்டத்தில் அவருக்கு இருந்த மரியாதையெல்லாம் பையால் வந்த மரியாதை.

அந்தப் பைக்கு ஒரு வம்ச வரலாறே உண்டு. முதலில் கடைப் பெயர் அச்சடித்த மஞ்சப்பை இருந்தது. அது கௌரவக் குறைச்சல் என்று ஒதுக்கினார். பிறகு ரெக்சின் பை, வெயிலில் ஒட்டுகிறது என்று போயிற்று. கேன்வாஸ் பை தண்ணீர் பட்டால் கனக்கிறது என்று போயிற்று. கடைசியில் சவூதியில் இருந்த எங்கள் சாச்சா, அதாவது அத்தாவின் தம்பி, ஊதா நிறத்தில் ஒரு நைலான் பையும் கூடவே ஒரு கேமராவும் அனுப்பிவைத்தார். முதுகில் மாட்டுகிற பை, பக்கத்துக்கு ஒரு ஜிப்பு, ஜிப்புக்குள் ஒரு ஜிப்பு. கையில் எடுத்தால் காற்றைத் தூக்குவது மாதிரி இருக்கும். அன்று பிடித்தது அத்தாவுக்குப் பைத்தியம். "லைட்டு வெயிட்டா இருக்கணும், அதான் சிகாருக்கு அழகு" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். துவரம்பருப்பு வாங்க வந்தவர்களுக்கு அதைக் கேட்க வேண்டிய தலையெழுத்து.

சனிக்கிழமை சாயங்காலமே கடைத் தராசின் ஒரு தட்டில் பை ஏறிவிடும். மறு தட்டில் படிக்கல்லை வைத்து நிறுப்பார். சாமானை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைப்பார், மீண்டும் நிறுப்பார். இந்தக் கூத்தில் வெளியே போனவை எல்லாம் உபயோகமானவை, உள்ளே இருந்தவை எல்லாம் அவருக்கு வேண்டியவை. கயிறு வெளியே போகும், சீப்பு உள்ளே இருக்கும். குடிக்கிற தண்ணீரைப் பாதியாகக் குறைப்பார், பவுடர் டப்பா முழுதாக இருக்கும். மடையான் சேற்றில் நின்றுகொண்டு இவர் முகத்துப் பவுடரைப் பார்த்து மயங்கி விழும் என்று நினைத்தாரோ என்னவோ.

பையை அடுக்குகிறவர் அத்தா, அதற்குள் போகிறவற்றை ஆக்குகிறவர் அம்மா. விடியுமுன் எழுந்து நாலு ஆளுக்குப் புளிச்சோறு கிளறி, முட்டை அவித்து, பொட்டலம் கட்டிக் கொடுப்பார். இவர்கள் மற்றவன் உளுந்தை மிதித்துக்கொண்டு நாள் முழுக்கத் திரிந்து, வயல்காரர்களிடம் வசவு வாங்கிக்கொண்டு, பெரும்பாலும் வெறுங்கையோடு வருவார்கள். எப்போதாவது ஒன்றிரண்டு விழுந்தால் காதர் மாமா வீட்டில் வறுத்து, நாலு ஆண்களும் தின்றுவிட்டு வருவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் சேறு அப்பிய வேட்டிகள்தான்.

அந்த வருஷம் அம்மா, என் தம்பியை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். மசக்கை என்றால் அப்படியொரு மசக்கை. சோறு வடிக்கிற வாசனைக்கே ஓடிப்போய் வாந்தி எடுப்பார். கஞ்சித் தண்ணீர்கூடத் தங்காது. கன்னம் ஒட்டி, கை வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிற மாதிரி இளைத்துவிட்டார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத அந்த மனுஷி ஒரு சனிக்கிழமை, தராசில் பை ஏறியிருந்த நேரத்தில், கடைக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார்: "என்னங்க, நாளைக்கு ஒரே ஒரு மடையானாச்சும் கொண்டாங்க. மிளகு அரைச்சுப் போட்டு ஆக்குனா ரெண்டு வாய் இறங்கும் போல இருக்கு."

அத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஒண்ணு என்ன, நாலாக் கொண்டாரேன்" என்றார். அந்தச் சந்தோஷத்தில், முதன்முதலாகக் கேமராவையும் பையில் வைத்தார். தராசுத் தட்டு இறங்கியது. எதையாவது எடுத்தாக வேண்டும். துழாவிப் பார்த்து, கீழேயிருந்து மரப்பிடி போட்ட கத்தியை உருவினார். "இது கல்லு மாதிரி கனக்குது. உள்ள கொண்டுபோய் வைம்மா" என்று என்னிடம் கொடுத்தார். நான் கொண்டுபோய் அடுப்படி அலமாரியில் வைத்தேன்.

கத்தி எதற்கு என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரவை பட்டு விழுந்த பறவையின் உயிர் போவதற்குள் "பிஸ்மில்லா" சொல்லிக் கழுத்தை அறுத்தாக வேண்டும். தாமதமானால் அது எங்களுக்குச் செத்த பிராணி, ஹராம், தொடக்கூடாது. பையில் இருக்க வேண்டிய ஒரே பொருள் எது என்று கேட்டிருந்தால் குர்ஆன் ஓதப் போகிற சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். நாலு ஆண்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கத்தி அத்தாவின் பையில் இருக்கும் என்று மற்ற மூன்று பேரும் நம்பினார்கள். பை லேசாக இருக்கிறது என்று அத்தா பெருமைப்பட்டுக்கொண்டார்.

அன்றைக்குப் பார்த்துத்தானா காதர் மாமாவின் குறி தப்பாமல் இருக்க வேண்டும்! நாலு மடையான்கள் விழுந்தன. வழக்கம்போல மாலையில் அல்ல, அன்று மதியமே அத்தா வீடு திரும்பினார். பறவைகளின் காலைச் சேர்த்துக் கட்டித் தலைகீழாகப் பிடித்திருந்தார். கழுத்துகள் அறுபட்டிருந்தன. அம்மாவே உட்கார்ந்து இறகு பிடுங்கி, வாட்டி, கழுவி, மிளகும் சீரகமும் அரைத்து மண்சட்டியில் ஏற்றினார். ஒரு முறைகூடக் குமட்டவில்லை. நான் பள்ளிவாசல் தெருவில் ஓதிவிட்டுத் திரும்பியபோது தெருமுனை வரைக்கும் மிளகு வாசனை அடித்தது. உள்ளே அம்மா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பசித்த முகம் அத்தனை அழகாக இருக்கும் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

தண்ணீர் எடுக்க அடுப்படிக்குள் போனேன். நான் வைத்த இடத்திலேயே கத்தி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து, "அம்மா, கத்தி இங்க இருக்கே, எத வச்சு அறுத்தாங்க?" என்று கேட்டேன்.

அம்மாவின் கை வாய்க்கருகில் நின்றது. அத்தா பையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பாலத்துக்கிட்ட டீக்கடையில கத்தி வாங்கித்தான் அறுத்தோம்" என்றார்.

"வயல்லேருந்து பாலத்துக்கு வர்றவரைக்கும் உயிரு இருந்துச்சா?" என்று அம்மா கேட்டார்.

அத்தா ஒரு ஜிப்பைத் திறந்து மூடினார். "இருந்த மாதிரிதான் இருந்துச்சு" என்றார்.

அம்மா கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டினார். வாந்தி எடுக்கவில்லை, அழவில்லை, ஒரு வார்த்தை ஏசவில்லை. உள்ளே வந்து படுத்துக்கொண்டார். அத்தா பின்னாலேயே போய், "கத்தி மட்டும் என்னா கனம் தெரியுமா?" என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு ஆண்பிள்ளை சொன்ன சமாதானத்தில் இதைவிடக் கேவலமான ஒன்றை நான் கேட்டதில்லை. அன்று உண்மையைக் கேட்டதற்காக நான் வருந்தவில்லை. தெரிந்தே அந்தத் தட்டைப் போட வைத்தாரே, அதற்காகத்தான் அவரை இன்னும் மன்னிக்க முடியவில்லை. அவர் மவுத்தாகிப் பல வருஷம் ஆகியும் முடியவில்லை.

மறுவாரமும் அவர்கள் சிகாருக்குப் போனார்கள். அம்மா புளிச்சோறும் கட்டிக் கொடுத்தார். கேமராவில் எடுத்த படம் கழுவி வந்தது. நாலு வீரர்களும் செத்த மடையான்களைத் தூக்கிப் பிடித்து நிற்க, அத்தா மட்டும் பை தெரிய வேண்டும் என்று பக்கவாட்டில் திரும்பி நிற்கிறார்.

இப்போது அந்த வயலில் பாதி மனைக்கட்டு. காதர் மாமாவின் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. மடையான் சுட்டால் வனத்துறை பிடித்துக்கொண்டு போகும், நல்லது. இவையெல்லாம் போனதற்கு என்னிடம் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. தம்பி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் பறவைகளைப் படம் பிடிக்கக் கோடியக்கரைப் பக்கம் போகிறான். அதற்கென்று ஆன்லைனில் ஒரு பை வாங்கியிருக்கிறான்; பையை எப்படி லேசாக அடுக்குவது என்று யாரோ ஒருவன் அரைமணி நேரம் பேசுகிற வீடியோவை வாய் பிளந்து பார்க்கிறான். போன வாரம் புறப்படும்போது கூடத்தில் நின்று பையைக் கையால் தூக்கித் தூக்கிப் பார்த்தான். அத்தாவே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மா, வர்றப்ப உங்களுக்கு என்ன வாங்கியாரட்டும்?" என்று கேட்டான். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்த மாசி மாதத்துக்குப் பிறகு யார் கேட்டாலும் அவர் சொல்கிற அதே பதிலைத் தலை நிமிராமல் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்ப்பா."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு, பை லேசாக இருக்கிற சந்தோஷத்தில் அவன் இறங்கிப் போய்விட்டான்.