மர்பி டவுனில் ஓர் இத்தாலியத் தொடக்கம்

கல்யாணமான புதிதில் மர்பி டவுனில் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் ராணுவத்தில் இருந்தார். வடக்கே எல்லைப் பக்கம் போவதற்கு முன், சாயங்காலங்களில் எனக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தார். காய்கள் எப்படி நகரும் என்பதற்கு மேல் சொல்ல அவருக்குப் பொறுமை இல்லை. எடுத்த எடுப்பிலேயே நான் ராணியை வெளியே கொண்டுவருவேன். அவர் அதை விரட்டிப் பிடிப்பார். "உனக்கு இது வராது, விடு" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும்.

அவர் போன பிறகு பேச ஆளில்லை. சிவாஜிநகர் நடைபாதையில் சதுரங்கத்தைப் பற்றி ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்பது மட்டும்தான் அதில் இருந்தது. பள்ளிக்கூட ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். முதலில் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ள வேண்டும். பிறகு குதிரை, அதன் பிறகு பிஷப். ராணி அவசரப்படக் கூடாது. இதற்கு இத்தாலியத் தொடக்கம் என்று பெயர் போட்டிருந்தது.

வெள்ளைக்கு ஒரு காயை நகர்த்திவிட்டு, எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து கறுப்புக்கு ஆடுவேன். அவராக இருந்தால் என்ன ஆடுவார் என்று யோசிப்பேன். சில சமயம் வாய்விட்டே கேட்டுவிடுவேன்.

வீட்டுக்காரம்மா ஒருநாள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "ஏனம்மா, ஒண்டியா யாரோட மாத்தாடிகினு இருக்கே?"

"யாரோடயும் பேசலைங்க, சும்மாதான்."

அவர் லீவில் வந்தபோது இளைத்துக் கறுத்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் நானே பலகையை விரித்தேன். சிப்பாய், குதிரை, பிஷப். அவர் கவனமில்லாமல்தான் ஆடினார். என் குதிரை அவருடைய ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை வெட்டி உட்கார்ந்து, ராணியையும் யானையையும் ஒரே நேரத்தில் மிரட்டியது. அவர் பலகையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"யாருகிட்ட கத்துக்கினே?"

"புக்கப் பாத்துதாங்க."

"புக்கப் பாத்து இப்பிடி ஆட வருமா? இங்க யாரு வந்து போறாங்க?"

எனக்கு முகம் சுட்டது. பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நான் பென்சிலால் அர்த்தம் எழுதி வைத்திருந்த பக்கங்களைப் புரட்டினார். நம்பிவிட்டார் என்று தெரிந்தது. "நல்லாதான் ஆடறே" என்று காய்களை டப்பாவில் போட்டு மூடினார். சிரிக்கவில்லை.

லீவு முடியும்வரை ஆட்டத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது கையை மட்டும் தூக்கிக் காட்டினார். நான் வேண்டுமென்றே தோற்றுப்போயிருக்கலாமோ என்று பிளாட்பாரத்தில் நின்றபடி நினைத்தேன். ஆனால் அந்தக் குதிரையை வைத்தபோது எனக்குள் பொங்கிய சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்வதற்கு அவரைத் தவிர எனக்கு இந்த ஊரில் யாரும் இல்லை.