கிரீடத்தைக் கழற்றி வைத்த அண்ணி

எங்கள் அண்ணி பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். வருஷத்துக்கு ஒரு முறை ராமர் ஆகிறார். எங்கள் நாடகக் குழுவில் வாட்டசாட்டமான ஆண்கள் இருக்கும்போது அந்த வேஷம் இவருக்கு எப்படிப் போனது என்று கேட்பவர்கள், அந்த ஆண்களை ஒரு தடவை வசனம் பேசச் சொல்லிக் கேட்கட்டும். திரை இழுப்பது அண்ணன், விளக்கு போடுவது நான். குடும்பமே நாடகத்தில்தான் கிடக்கிறது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். கிரீடம் தலையில் ஏறிவிட்டால் அவர் அண்ணி இல்லை. யாரும் எதிரில் உட்கார மாட்டோம், செருப்போடு நிற்க மாட்டோம். அண்ணனே வாங்க, போங்க என்றுதான் பேசுவான். மற்ற நாளில் அவன் பேசும் லட்சணம் எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் நாடகத்தை அண்ணியே எழுதினார். சீதையைக் காட்டுக்கு அனுப்பிவிட்டு ராமர் தனியாக உட்கார்ந்து அழுகிறார். தவறு செய்துவிட்டேன் என்கிறார். விஷயம் வெளியே கசிந்ததும் ஒரே புகைச்சல். கடவுள் அப்படிச் சொல்லலாமா என்று மருந்துக்கடைக்காரர்தான் முன்னால் நின்றார். கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டுக் காய்ச்சலுக்கு விடுமுறை நாளிலும் கடையைத் திறந்தவர். அதனாலேயே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அரங்க நிர்வாகத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். அந்த வசனம் இருந்தால் அரங்கத்தைப் பூட்டிவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார்.

நாடகத்தன்று ஒப்பனை அறைக்கே ஆட்களோடு வந்து கதவைத் தள்ளினார். உள்ளே கிரீடத்தோடு அண்ணி. மனிதர் அப்படியே நின்றுவிட்டார். கால் தானாகச் செருப்பைக் கழற்றியது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஆளை இப்படியே திருப்பி அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அண்ணி என் கணக்கில் மண்ணைப் போட்டார். இரண்டு கையாலும் கிரீடத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இப்ப திட்டுங்க. எழுதினது நான், அவர் இல்ல."

அவர் திட்டினார், நன்றாகவே திட்டினார். நான் கும்பிடுகிற சாமியைக் கூனிக் குறுக வைக்கிறாயே என்றபோது குரல் உடைந்துவிட்டது. அண்ணி குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"நானும் அவரைத்தான் கும்பிடறேன். பொண்டாட்டிய அனுப்பிட்டு அழாதவர்னா என்னால கும்பிட முடியல. வசனத்தை எடுக்க மாட்டேன். முன்வரிசையில உக்காருங்க. பொறுக்கலன்னா எழுந்து போங்க."

பூட்டைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. உள்வழியாகவே போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

அந்தக் காட்சி வந்தது. ராமர் அழுதார். வசனத்தில் ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. மருந்துக்கடைக்காரர் எழுந்து விறுவிறுவென்று வெளியே போனார். கூட்டமே திரும்பிப் பார்த்தது. அண்ணி பார்க்கவில்லை.

நாடகம் முடிந்து பார்த்தால், அவர் செருப்பு ஒப்பனை அறை வாசலிலேயே கிடக்கிறது. மனிதர் வெறுங்காலோடு போயிருக்கிறார். கிடக்கட்டும் என்றேன். அண்ணி என்னை ஒரு முறை முறைத்தார். கிரீடத்தை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, நீலம் பூசிய கையால் அந்தச் செருப்பை எடுத்தார். நான் கேட்டும் தரவில்லை.

மருந்துக்கடைக்காரர் வீட்டு வாசலில் எங்களைப் பார்த்ததும் அவர் பதறிப்போய் வாங்கிக்கொண்டார்.

"இன்னமும் தப்புன்னுதான் சொல்வேன்மா."

"சொல்லுங்க அண்ணா. அடுத்த வருஷமும் அழத்தான் போறேன்."

தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். செருப்பைக் கீழே போடாமல், இரண்டு கையிலும் பிடித்தபடி அவர் அங்கேயே நின்றிருந்தார். நீல முகத்தைக் கண்டு எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அண்ணிக்குப் பின்னால் நடந்தேன்.