ரிஜெக்ட் ஆகிக்கொண்டே இருந்த ஜெர்மனி டிக்கெட்

வெளிநாட்டு டிக்கெட் போட்டுக் கொடுக்கிற தொழிலில், விமானம் ஒழுங்காகப் பறந்தால் பெயர் விமானக் கம்பெனிக்கு. பறக்காவிட்டால் திட்டு எனக்கு. கொரோனாவுக்கு முன்னால் இந்தத் திட்டு எப்போதாவது வரும். கொரோனா வந்த பிறகு டீயும் வடையும் மாதிரி வேளாவேளைக்கு வந்தது. நீங்களும் அந்த நாட்களில் ஒரு டிக்கெட்டைப் போட்டுவிட்டு, காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன் 'எந்த நாடு மூடியிருக்கிறது' என்று செல்லைப் பார்த்தவராக இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே வார்டு நோயாளிகள்.

திருப்பூரில் எங்கள் ஆபீஸ் ஒரு மாடியறை. நான், ஸ்டெல்லா, ஒரு பிரிண்டர், அவ்வளவுதான். ஸ்டெல்லா தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அப்பா அம்மா பனியன் கம்பெனி வேலைக்கு இங்கே வந்தபோது கூட வந்தவள். கம்ப்யூட்டரில் டிக்கெட் போடுவதும் ரத்தானதைச் சொல்வதும் அவள் வேலை. சொன்ன பிறகு எதிரில் உட்கார்ந்து முழிப்பது என் வேலை.

ஊரே எக்ஸ்போர்ட் ஊர் என்பதால் வருகிறவர்களுக்கு வீட்டில் உட்காரப் பொறுமை இல்லை. ஒரு முதலாளி பையரை, அதாவது துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரரைப் பிடிக்க, துணிக் கண்காட்சிக்குப் போகவேண்டும் என்று வந்தார். கண்காட்சி எந்த நாட்டில் என்று கேட்டேன். அது ரத்தாகிவிட்டதாம். பிறகு எங்கே போகிறீர்கள் என்றதற்கு அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எந்த நாடு தொறந்திருக்குதோ அங்க எறக்கி உட்டுருங்க, பையர நான் தேடிக்கறனுங்க."

பூ எந்தப் பக்கம் விழுந்தது?

பூங்கொடி அக்கா இப்படிப்பட்ட ஆள் இல்லை. ஊருக்கு வெளியே நெருப்பெரிச்சல் என்கிற இடத்தில் குழந்தைத் துணி தைக்கிற சின்ன யூனிட் வைத்திருக்கிறார். அப்பா அம்மா சீக்கிரம் போய்விட்டதால், பத்து வயதுத் தங்கை சுகன்யாவைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, ஜெர்மனிக்கு அனுப்பியதெல்லாம் இவர்தான். அந்தத் தங்கை இப்போது மாசமாக இருந்தாள். பிரசவத்துக்குக் கட்டாயம் வந்துவிடுவேன் என்று அக்கா வாக்குக் கொடுத்துவிட்டார். எத்தனையோ வருஷமாக அந்த நாட்டுக் குழந்தைகளுக்குச் சட்டை அனுப்பியவர், ஒரு நாள்கூட அங்கே போனதில்லை.

எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் என்றால் கோயிலில் பூ கேட்பார்கள். சாமி மேல் பூவை ஒட்டவைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலது பக்கம் விழுந்தால் சரி, இடது பக்கம் விழுந்தால் வேண்டாம். அப்போது கோயில் அடைத்திருந்தது. அதனால் பூசாரி மட்டும் உள்ளே நின்று செல்லில் வீடியோவாகக் காட்ட, அக்கா எங்கள் ஆபீஸ் நாற்காலியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பார்த்தார். பூ விழுந்தது. ஆனால் அது சாமிக்கு வலதா, செல்லுக்கு வலதா என்பதில் எங்களுக்குள் தகராறு வந்துவிட்டது. ஸ்டெல்லா செல்லைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். நான் சுவரோரம் சாமி மாதிரி நின்று கையை நீட்டிப் பார்த்தேன். பூசாரியைக் கேட்கலாம் என்றால் சிக்னல் போய்விட்டது. அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு எழுந்தார். "பூ வுழுந்துருச்சுங்களே, அது போதும். எந்தப் பக்கம்னு சாமிக்குத் தெரியும், நீங்க டிக்கெட்டப் போடுங்க தம்பி."

மூன்று நாளில் புளிக்கிற ரிசல்ட்

போட்டோம். ரத்தானது. திரும்பப் போட்டோம். இந்தத் தடவை விமானம் ரத்தாகவில்லை, ஒரு நாள் தள்ளிப்போனது. அந்த ஒரு நாள் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மூக்கில் குச்சி விட்டு எடுத்த டெஸ்ட் ரிசல்ட் பழைய சோறு மாதிரி, மூன்று நாளைக்கு மேல் தாங்காது. புதுசாக டெஸ்ட் எடுத்து அது கைக்கு வருவதற்குள் அந்த நாடு நம் ஊர் விமானங்களையே வேண்டாம் என்றுவிட்டது. அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஸ்டெல்லாவை விட்டே போன் செய்யச் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனை எடுத்தாள்.

அழுவார் என்று நினைத்தோம். அவரோ அரைமணியில் நேரில் வந்து எனக்குத் தைரியம் சொன்னார். துணிக்குச் சாயம் போடும் முன் பையருக்கு ஒரு துண்டுத் துணியில் நிறம் ஏற்றி அனுப்புவார்கள். அதற்கு லேப் டிப் என்று பெயர். பையர் அதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, கொஞ்சம் மங்கலாக இருக்கிறது என்று திருப்பிக்கொண்டே இருப்பார். எங்கள் ஊரில் அதற்கெல்லாம் யாரும் அழுவதில்லை. பையர் சரி என்று அப்ரூவல் கொடுக்கிற வரைக்கும் மறுபடி மறுபடி போட்டு அனுப்புவார்கள். "இதும் லேப் டிப்புத்தான் தம்பி, ரிஜெக்ட்டுன்னா ஆர்டர் போயிருச்சுன்னு அர்த்தமில்லீங்க, இன்னொருக்கா போடணும்னு அர்த்தம்."

அக்கா என்று ஒரு உறவு

அடுத்த ரிஜெக்ட் ரொம்பவே மோசமானது. விமானம் ஓட ஆரம்பித்தது. ஆனால் யார் யார் வரலாம் என்று ஒரு விதி போட்டார்கள். கணவன் வரலாம், மனைவி வரலாம், பெற்றவர்கள் வரலாம். அக்கா வரலாம் என்று எங்கேயும் இல்லை. விதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. இவர் அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டு, ஜுரத்தில் கஞ்சி கொடுத்து வளர்த்தது எந்த உறவில் சேரும்?

விசா ஆபீசுக்கு போன் போட்டோம். அங்கே பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார், விதியைத்தான் திரும்பச் சொன்னார். பொறுத்துப் பார்த்த ஸ்டெல்லா என் கையிலிருந்து போனை வாங்கிவிட்டாள். அவளுக்கும் அக்கா ஒருத்தி இருக்கிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நேராகவே கேட்டாள். "மேடம், அம்மா அப்பா இல்லாதவுக பிள்ள பெத்தா, பக்கத்துல யாரு நிக்கணும்னு உங்க விதியில போட்டிருக்காவளா?"

தப்பான ஊசி

சில வாரங்களில், பிரசவம் என்றால் கூடப்பிறந்தவர்களும் போகலாம் என்று விதி தளர்ந்தது. ஸ்டெல்லா கேட்ட கேள்விதான் ஜெர்மனியை அசைத்தது என்று அவளும் நம்புகிறாள், நானும் மறுப்பதில்லை. லட்டு வாங்கி வந்து வைத்துக்கொண்டு பயணத்துக்கு வேண்டியதைச் சரிபார்த்தோம். அப்போதுதான் கவனித்தேன். அக்கா போட்டிருந்த கொரோனா ஊசி, அந்த நாடு ஏற்றுக்கொள்கிற ஊசி இல்லை. லட்டை யாரும் தொடவில்லை.

நடந்தது இதுதான். ஸ்கூலில் கேம்ப் போட்ட அன்றைக்கு வந்தது சரியான ஊசிதான். அக்காவும் வரிசையில் நின்றிருக்கிறார். ஆனால் தன் யூனிட் டைலர்களை, செக்கிங் பெண்களை, இந்திக்காரப் பையன்களை எல்லாம் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியில் நின்றார். இவர் முறை வருவதற்குள் தீர்ந்துவிட்டது. அடுத்த கேம்ப்பில் வேறு கம்பெனி ஊசி. என்ன ஊசி என்று கேட்காமல் கையை நீட்டியிருக்கிறார். "நீங்கள் முன்னால் நின்றிருந்தால் இந்த வம்பே இல்லையே அக்கா" என்று கொஞ்சம் கடுப்பாகவே சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதிலுக்குப் பிறகு, அந்த அக்காவை எப்படியாவது ஏற்றி அனுப்பாமல் இந்தத் தொழிலில் இருக்கக்கூடாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. "மெசின்ல உக்காந்திருக்கறவங்க எல்லாரும் ஊரு உட்டு ஊரு வந்தவங்க தம்பி, அவங்களுக்கு ஒண்ணுன்னா அவங்க அக்காளும் இப்பிடித்தான டிக்கெட்டுக்கு அலைவா?"

வீட்டுத் துணியா, சரக்கா?

பிரசவத்துக்கு நாள் நெருங்கியது. இன்னொரு விதி மாறியது: எந்த ஊசி போட்டவரும் வரலாம், ஆனால் போய் இறங்கியதும் ஓர் அறைக்குள் பத்து நாள் ஒதுங்கி இருக்கவேண்டும். அக்கா உடனே சரி என்றுவிட்டார். இந்தத் தடவை எனக்கே நம்பிக்கை இல்லாததால் கோயமுத்தூர் ஏர்போர்ட் வரைக்கும் கூடவே போனேன்.

வண்டியிலிருந்து சூட்கேஸ் இறங்கும் என்று பார்த்தால் எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டி இறங்கியது. அவருக்கு வேறு மாதிரி பேக்கிங் செய்யத் தெரியாது. பிறக்கப்போகிற குழந்தைக்குத் தைத்த துணிகளைச் சைஸ் வாரியாக, கலர் வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பாலி கவரில் போட்டு, கம்பெனிப் பெயர் அச்சடித்த பெட்டிமேல் ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தார். துணியில் ஒடிந்த ஊசிமுனை இருந்தால் காட்டுகிற மெஷினில் எல்லாவற்றையும் ஓட்டி எடுத்தாராம், கூட இருந்த பிரசவ லேகியம் உட்பட. கவுண்டரில் இருந்த சின்னப் பெண் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். திறந்ததும் கையை விரித்துவிட்டாள். இது வியாபாரச் சரக்கு, பயணி லக்கேஜில் போகாது என்றாள். பார்த்தால் சரக்கு மாதிரிதான் இருந்தது, அவளைக் குறை சொல்ல முடியாது.

நான் கெஞ்ச வாயைத் திறப்பதற்குள் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். கவர்களைக் கிழித்துப் போட்டார். அயர்ன் மடிப்புக் கலையாமல் இருந்த சட்டைகளை ஒவ்வொன்றாகக் கசக்கினார். வாழ்நாள் முழுவதும் ஒரு சுருக்கம் இருந்தால் பீஸைத் திருப்பி அனுப்பிய கைகள் அவை. பெட்டியைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்து, கைப்பையில் வைத்திருந்த டேப்பை ஒட்டினார். எழுத்தே இல்லாத வெறும் பெட்டி ஆனது. உள்ளே துணிகளை அள்ளிப் போட்டுவிட்டு மூச்சு வாங்க நிமிர்ந்தார். "இப்பச் சொல்லு கண்ணு, இது சரக்கா, எங்கூட்டுத் துணியா?"

சுவர்

பெட்டி போனது. அக்காவும் போனார். விமானம் மேலே ஏறிய பிறகும் நான் ஏர்போர்ட்டை விட்டு நகரவில்லை. அது திரும்பி இறங்கிவிடுமோ என்ற பயம் எனக்கு.

தங்கை வீட்டில் ஓர் அறையில் அவரைத் தனியாக வைத்தார்கள். கதவுக்கு வெளியே சாப்பாடு வைப்பார்கள், தங்கை தூர நின்று கை காட்டுவாள். அந்தப் பத்து நாள் முடிவதற்குள் சுகன்யாவுக்கு வலி வந்துவிட்டது. இத்தனை பாடுபட்டுப் போயும் அக்காவால் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நிற்க முடியவில்லை. சேதி கேட்டு நானும் ஸ்டெல்லாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவள் அழுதாள். நான் பிரிண்டரைத் துடைத்தேன். அன்றைக்கு அதில் தூசியே இல்லை.

இரண்டு நாள் கழித்து அக்காவே வீடியோவில் வந்தார். பெண் குழந்தை, வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள் என்றார். குழந்தையைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இன்னும் ஒதுக்கம் முடியவில்லையாம், பக்கத்து அறையிலிருந்து தங்கை செல்லில் காட்டினாளாம். அந்தப் படத்தை எங்களுக்கும் அனுப்பியிருந்தார். அவர் தைத்த மஞ்சள் சட்டைதான் போட்டிருந்தது. 'கழுத்துப் பட்டி ரிப் கொஞ்சம் லூசு, அடுத்த லாட்டில் சரி பண்ணணும்' என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு செல்லில் பார்க்கவேண்டி வந்துவிட்டதே என்று நான் வருத்தப்பட்டேன். அக்கா பேச்சை நிறுத்தி, விரலை உதட்டில் வைத்து, காதைச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். எங்களுக்கும் மெல்லிசாக ஒரு அழுகை கேட்டது. அவர் முகத்தை அன்றைக்குப் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். "செல்லுலதான் கேக்கணும்னு இருந்த சத்தம் தம்பி, இப்பச் செவுத்துக்கு அக்கட்டால கேக்குதுங்க, அப்ரூவல் ஆயிருச்சுங்க."

அன்றிலிருந்து யாராவது வந்து 'இந்த டிக்கெட் கண்டிப்பாகப் பறக்குமா' என்று கேட்டால், நான் விமானம் எந்தக் கம்பெனி என்று பார்ப்பதில்லை, போகிறவர் பெட்டியைத் திருப்பி மடிக்கத் தெரிந்தவரா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.